கிள்ளிப் போட்ட மேடு

“சார், அந்தக் கட்டுரையிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க.”

கேட்டேவிட்டேன். எங்கள் ஆய்வகத்தின் வெற்றிடப் பம்புகளைக் கட்டி மேய்க்கும் பம்ப் அக்கா, நான் சேர்ந்த வாரமே எச்சரித்திருந்தாள்: “பேரைச் சேருங்கன்னு அழு, கால்ல விழு. எடுங்கன்னு மட்டும் வாயத் திறந்துடாதடி. அது அவர் மூஞ்சில துப்புற மாதிரி.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க வம்சத்துல யார் பேராவது அச்சுல வந்திருக்கா? கல்யாணப் பத்திரிகையத் தவிர?”

அளந்தவள் நான். அயனிகளைக் குழாய்க்குள் ஓடவிட்டு எதிரேயிருந்து ஒளியைப் பாய்ச்சுவோம். ஒளியில் ஆற்றல் போதுமானால் அயனி அதை விழுங்கி ஓர் எலக்ட்ரானை இழக்கும். இழந்தவற்றைக் காந்தம் தனியே வளைத்து எண்ணும் கருவிக்குத் தள்ளும். ஆற்றல் ஓர் எல்லைக்குக் கீழே போனால் ஒன்றுகூட வரக் கூடாது. வந்தது. வரைபடத்தில் சின்னதாய் ஒரு மேடு. அயனிகளில் ஒரு பங்கு, பிறக்கும்போதே கூடுதல் ஆற்றலோடு, கிளர்ச்சியடைந்து வருகிறது. எவ்வளவு பங்கு என்று தெரியாதவரை எங்கள் எண்கள் எல்லாமே தப்பு.

மறுபடி அளக்கலாம் என்றேன். அந்த ஒளி பல ஆய்வகங்கள் முறைவைத்துப் பகிரும் பொதுக்கூடத்தில்தான் கிடைக்கும்; எங்கள் முறை வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். அவர் மேட்டை வெட்டிவிட்டு வரைபடத்தை எல்லையிலிருந்தே தொடங்கிவிட்டார்.

“பரு வந்தா கிள்ளிப் போடுறதில்லையா?” என்றார்.

“பரு இல்ல சார். ரத்தமே கெட்டிருக்கு.”

சிரித்தார். செல்போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். மறுமுனையில் என் அப்பா. பேருந்து டிப்போவில் டயர் மாட்டுகிறவர்.

“உன் பொண்ணுக்குப் பட்டம் வேணாமாம்பா.” அப்பாவைவிட இளையவர், ‘உன்’ என்றார்.

“ஐயா... புத்தி கெட்டுப் பேசுதுங்க. ரெண்டு அறை விடுங்க ஐயா, ஏன்னு கேக்க மாட்டேன்.”

“நான் அடிக்கிற ஆளில்ல. எதிர்லதான் நிக்குறா. நீயே கேளு.”

“பாப்பா, ஐயா சொல்றதுக்குத் தலையாட்டிட்டு வா.”

“அது தப்புப்பா. தெரிஞ்சே பண்ற தப்பு.”

“நான் எத்தனை தப்புக்குத் தலையாட்டி உன்னப் படிக்க வெச்சேன், தெரியுமா?”

பேராசிரியர் ஒரு விரலால் சத்தத்தைக் கூட்டினார். பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“சொல்லும்மா. பேர் இருக்கட்டுமா?”

“வேணாம் சார். பட்டத்தையும் நீங்களே வெச்சுக்கோங்க. ஏன் விலகினேன்னு யார் கேட்டாலும் மேட்டைப் பத்திச் சொல்லுவேன்.”

அவர் சிரிப்பு நின்றது.

“ஐயா, அவ பேச்ச எடுத்துக்காதீங்க. உங்க கால்ல விழுறேன் ஐயா...”

“அப்பா, போனை வைங்க.”

வைக்கவில்லை. பெரிய மனிதர்கள் வைக்காமல் அவர் வைத்ததே இல்லை. பேராசிரியரும் வைக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையைத் தோளில் மாட்டினேன். அப்பாவை அந்த மேசைமேல் கெஞ்சவிட்டுவிட்டு வெளியே நடந்தேன்.