கைப்பையில் நடந்த நேர்த்தி

நாகேந்திரம் நடக்கத் தொடங்கியதிலிருந்து பாலேஸ்வரிக்கு வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போய்விட்டது. கொழும்பில், வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் அவர்களுடைய வீடு. மழை பெய்தால் மனிதர் ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் போய்வருவார். பல் தீட்டும்போதும் நடை, செய்தி பார்க்கும்போதும் நடை. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே, அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டு பாலேஸ்வரி தேங்காய் திருவலையை அவர் வழியிலிருந்து எடுத்து ஓரமாக வைப்பாள்.

எல்லாம் மகள் சிவானி செய்த வேலை. கனடாவிலிருந்து லீவில் வந்தவள், எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் ஒன்றைத் தகப்பனின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவரோடு பள்ளியில் படித்தவர்களின் வட்ஸ்அப் குறூப்பிலும் அதே பைத்தியம்தான். பொழுதுபட்டதும் ஆளாளுக்குத் தங்கள் கணக்கைப் படமெடுத்துப் போடுவார்கள். அதில் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட்தான் எப்போதும் முதல். நாகேந்திரம் இரண்டாவதாக வந்து, ஒஸ்வால்டுக்குக் கைதட்டும் படம் அனுப்பிவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கந்தோரில் முப்பது வருடம் அதிகாரியாக இருந்து, மணியடித்துத் தண்ணீர் வருவித்துக் குடித்த மனிதர் இவர். இப்போதும் மாக்கற்றுக்குப் போய் ஒரு பிடி கீரை வாங்கிவரச் சொன்னால் வராது.

"அங்கை நிண்டு நிண்டெல்லோ போகவேணும். என்ரை ஸ்பீட் குழம்பிப் போகும்," என்பார்.

இதையெல்லாம் பாலேஸ்வரி பொறுத்திருப்பாள். அவளால் பொறுக்க முடியாமல் இருந்தது வேறொன்று. மூன்று வருடத்துக்கு முன் இவருக்கு நெஞ்சடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியே விறாந்தையில் நின்று அவள் முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்தாள். மனிதர் எழும்பி வந்தால், ஆடிவேல் திருவிழாத் தேருக்குப் பின்னால் வெறும் மேலோடும் வெறுங்காலோடும் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக் கோயில் வரை நடப்பார் என்று. மனிதர் எழும்பி வந்தார். முதல் ஆடியில் டொக்டர் விடமாட்டார் என்றார். அடுத்த ஆடியில், "நேர்ந்தது நீர், நடக்கிறது நானோ?" என்று கேட்டார்.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வாக்கு வாக்குத்தான். அவர் தூக்கத்தில் இருமினாலும் பாலேஸ்வரி எழும்பிக் குந்திவிடுவாள். கொடுத்த உயிரைத் திருப்பி எடுக்க முருகனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை அவரிடம் சொன்னால் சிரிப்பார் என்பதும் தெரியும்.

இந்த வருடம் அவராகவே வந்து, "வேலுக்குப் போவம்," என்றார். பாலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்தது.

"நல்ல தூரம். ஒஸ்வால்டாலை கிட்டவும் வரேலாது."

எந்தக் காரணத்துக்காக நடந்தால் என்ன, நடந்தால் சரி என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

செட்டியார் தெருவில் தேர் வெளிக்கிடும் நேரத்தில்தான் நாகேந்திரத்துக்கு ஒரு விஷயம் உறைத்தது. மேலில் சட்டையில்லாதவனுக்குப் பொக்கற் ஏது? போனை வேட்டி மடிப்பில் செருகிப் பார்த்தார், அது வழுக்கியது. கடைசியில் போனும் பேர்ஸும் பாலேஸ்வரியின் கைப்பைக்குள் போயின.

"எனக்குப் பக்கத்திலையே வாரும். நீர் நடந்தால் நான் நடந்த மாதிரித்தான்," என்றார்.

தேர் நாலடி நகரும், ஒரு கடை வாசலில் நிற்கும். தேங்காய் உடையும், கற்பூரம் எரியும், ஐயர் திருநீறு கொடுத்து முடிய மறுபடியும் நாலடி. சனம் அரோகரா என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவர் பாலேஸ்வரியின் கைப்பையைத் திறந்து போனைப் பார்த்தார். தேர் காலிமுகத்திடலைத் தாண்டும் வரைக்கும் முருகனின் முகத்தை ஒரு தரமாவது நிமிர்ந்து பார்த்தாரா என்றால், இல்லை.

கொள்ளுப்பிட்டியில், பள்ளியில் படிப்பித்த காலத்திலிருந்தே பாலேஸ்வரி பிளவுஸ் துணி எடுக்கிற பதியுதீனின் கடை வாசலில் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதியுதீன் வருடாவருடம் வேல் நாளில் கொடுப்பவர். நாகேந்திரம் இரண்டு கிளாஸ் குடித்தார், உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார், வெயிலைத் திட்டினார்.

"பாலேஸ், இதுக்கு மேலை ஏலாது. நான் ஓட்டோவிலை போய்க் கோயிலிலை நிக்கிறன். நீர் போனோடை நடந்து வாரும்."

"அப்ப நேர்த்தி?"

"போன் நடந்துகொண்டுதானே இருக்கு. கணக்கு ஒண்டும் குறையாது. ஓட்டோவுக்கு மட்டும் சல்லி தாரும்."

அவள் ஓட்டோவுக்கு மட்டுமே கொடுத்தாள். ஓட்டோ திரும்பி மறைந்தது. கூப்பிடு தூரத்தில் தேர் நின்றது. அதைப் பார்க்க பாலேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. முருகனையே ஏமாற்றப் பார்க்கிற ஒரு மனிதனுக்காகவா அன்றைக்கு அந்த விறாந்தையில் அழுதேன் என்று நினைத்தாள். பிறகுதான் கோபம் வந்தது, வந்த கோபம் நன்றாகவே வந்தது.

போனை எடுத்துப் பதியுதீனிடம் நீட்டினாள்.

"இதை வைச்சிருங்கோ. இவர் வந்து கேட்டால் குடுங்கோ. வேறை ஆருக்கும் குடாதேங்கோ. செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால் அவருக்கும் குடாதேங்கோ."

பதியுதீன் தெருவைப் பார்த்தார். "சார் இப்பத்தானே ஆட்டோல போனாரு, டீச்சர்?"

"ஓம். நடந்து வருவார்."

அதற்குப் பிறகு அவள் தேரோடு நடந்தாள். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் தன்னை ஞாபகப்படுத்தியது. முன்னால் யாரோ வாளியால் தண்ணீர் ஊற்றிப் போக, ஈரம் காய்வதற்குள் கால் வைத்தாள். அவளுடைய நடையை எண்ண யாரும் இருக்கவில்லை. அவளும் எண்ணவில்லை.

பொழுது சாயும் நேரம் தேர் பம்பலப்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. கோயில் மண்டபத்தில் விசிறிக்கு நேரே கீழே, நெற்றியும் நெஞ்சும் நிறையச் சந்தனமும் கையில் சர்க்கரைப் பொங்கலுமாக நாகேந்திரம் இருந்தார். குறூப்காரர் இரண்டு பேருக்கு, செட்டியார் தெருவிலிருந்து வெறுங்காலோடு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியிலும் குடை பிடிப்பான். இங்கே வாழ்வு வருவதற்கு முன்னமே குடை விரிந்துவிட்டது.

அவளைக் கண்டதும் எழும்பி வந்து கையை நீட்டினார்.

"எங்கை, தாரும். எவ்வளவு வந்திருக்கு?"

"போன் வரேல்லை."

"என்ன?"

"நீங்கள் எங்கை நிண்டீங்களோ, அதுவும் அங்கை நிக்குது. பதியுதீன்ரை கடையிலை."

மனிதரின் முகத்திலிருந்த சந்தனம் மட்டும்தான் மாறாமல் இருந்தது. பின்னால் இருந்த இரண்டு பேரையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"ஒஸ்வால்ட் இப்ப போட்டுடுவான்," என்றார், குரலைத் தாழ்த்தி. "பேர்ஸைத் தாரும், ஓட்டோவிலை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்."

பாலேஸ்வரி கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

"ஓட்டோவிலை போனால் அவர் தரமாட்டார். செருப்போடை போனாலும் தரமாட்டார். சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். விடியக்காலமை நீங்கள் கடற்கரையிலை நடக்கிற தூரம்கூட இல்லை. ஏழு மணிக்குக் கடை பூட்டுவினம்."

அவர் அவளைப் பார்த்தார், தேரைப் பார்த்தார். பொங்கல் இலையைச் சுவரோரம் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி வெளிக்கிட்டார். முருகன் மூன்று வருடம் காத்திருந்தும் கிளம்பாத மனிதர், ஒரு போனுக்காகக் கிளம்பினார். நாலடி போனவர் நின்று திரும்பினார். முகம் அழுகிற பிள்ளையுடையதைப் போல இருந்தது.

"பாலேஸ், அங்கை போகுமட்டும் நடக்கிறது ஒண்டிலையும் பதியாதே."

"பதியாது," என்றாள் பாலேஸ்வரி. "அது முருகனுக்கு. திரும்பி வரேக்கை ஒஸ்வால்டுக்கு நடவுங்கோ."