கரைத்துறை அலுவலகம் இறங்கிய விதம்

ஆற்றின் கரையைப் பராமரிக்கும் கரைத்துறையின் தலைமை அலுவலகம், பொய்யான அறிக்கை ஒன்று வெளியாகும் ஒவ்வொரு முறையும், ஒரு படி உயரம் மண்ணுக்குள் இறங்கியது. முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. ஆற்றங்கரையின் புதிய பம்புகள் நன்றாக ஓடுகின்றன என்று துறை அறிவித்த மறுநாள் காலை, வாசலின் கடைசிப் படி காணாமல் போயிருந்தது. பம்புகள் அப்போது பெட்டியிலிருந்தே பிரிக்கப்படவில்லை. மூட்டுவலிக்காரரான கணக்கர் மட்டும், ஏறுவதற்கு ஒரு படி குறைந்தது நல்லதுதானே என்றார். அடுத்த சில மாதங்கள் அவருக்கு நல்ல காலம்தான். படிகள் ஒவ்வொன்றாகப் போயின, வாசல் தெருவோடு சமமாயிற்று, பிறகு தெரு வாசலுக்கு மேலே போயிற்று, ஊழியர்கள் ஜன்னல் வழியாக வேலைக்கு வரத் தொடங்கினார்கள். விரல்ரேகை இயந்திரத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் மாட்டினார்கள். காரணம் ஊருக்கே தெரியும். எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கட்டடத்தைப் பார்த்து, "இன்னைக்கு என்னத்தப் புளுகினாங்களோ" என்று சொல்லிவிட்டு பஸ் வருகிறதா என்று திரும்பிக்கொள்வார்கள்.

அறிக்கைகளை எழுதும் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஒரு பெண். எல்லா அறிக்கையும் "நிலைமை சீராக உள்ளது" என்றே முடிந்ததால் அலுவலகத்தில் அவளுக்குச் சீராக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். தான் பொய் சொல்வதாக அவள் நினைக்கவில்லை. பொறியாளர்கள் அனுப்புவதை வாங்கி, கூர்மையான இடங்களைச் சீவி, யார் செய்தார் யார் செய்யவில்லை என்பது தெரியாதபடி மெழுகி அனுப்புவது அவள் வேலை. கட்டடத்துக்கு மெழுகலும் பொய்யும் ஒன்றுதான். மெழுகலுக்கு அரைப் படி இறங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலாண்மை மேம்பாட்டுத் திட்டமும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. கட்டடம் இறங்குவதைப் பற்றி அந்தத் திட்டத்தின் கீழ் ஒரு வாரம் பயிற்சி வகுப்பு நடந்தது. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, கண்ணை மூடி, உயரமாக உணரச் சொன்னார். வகுப்பின் முடிவாக மாடிகளின் பெயரை மாற்றினார்கள். முதல் மாடி தரைத்தளம் ஆனது, இரண்டாம் மாடி முதல் மாடி ஆனது, லிஃப்ட் பொத்தான்களின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பலகைகளின்படி பார்த்தால் கட்டடம் இறங்கவே இல்லை. இயக்குநர் மட்டும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் தன் நாற்காலியை ஒரு மாடி மேலே தூக்கிக்கொண்டு போய், கடைசியில் மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குக் குளிர்சாதனமும் வைத்துக்கொண்டார்.

குறைதீர்ப்புப் பிரிவு பழைய தரைத்தளத்தில் இருந்தது. மற்றப் பிரிவுகளை மேலே மாற்ற உத்தரவு வந்தது, அதற்கு வரவில்லை. ஆகவே அது அப்படியே மண்ணுக்கடியில் போயிற்று. அதன் ஒரே எழுத்தர் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு ஏணி வழியாக இறங்கினார். புகார் சொல்ல வந்தவர்கள் தெருவில் நட்டிருந்த இரும்புக் குழாயில் வாயை வைத்துக் கத்தினார்கள். அவர் கீழிருந்து "பரிசீலிக்கிறோம்" என்று கத்தினார். குழாய் வழியாக வந்த அந்தச் சொல்லில் ஈர மண் வாடை அடித்தது. இதில் அநியாயம் ஏதும் இருப்பதாகத் துறைக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டு மக்கள் தொடர்புக்கான கேடயம் குழாய்க்குத்தான் கிடைத்தது.

பெருமழை தொடங்கிய ஆண்டில் கரையில் விரிசல் விட்டது. கை நுழையும் அளவு என்று பொறியாளர் சொன்னார். சீராக்கா நேரில் போய்ப் பார்த்தாள், முழங்கைவரை நுழைந்தது. கரைக்குக் கீழே பள்ளத்தெருவில் அவளுடைய சொந்த அக்கா இருந்தாள். அக்காவின் கணவர் தையல்காரர். அலுவலகத்துக்குத் திரும்பிய சீராக்காவின் மேசையில், கரை உறுதியாக இருக்கிறது என்ற அறிக்கை இயக்குநரின் ஒப்புதலோடு தயாராகக் கிடந்தது. கையில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிட்டு, அவள் அதில் ஒரு காற்புள்ளியைத் திருத்தி வெளியே விட்டாள். மறுநாள் காலை கட்டடம் ஒரேயடியாக மூன்று படி இறங்கியிருந்தது. மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளர்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. அவள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"மழைக்கு எங்கயாவது மேட்டுப்பக்கம் போறீங்களா?" என்று கேட்டாள்.

"நேத்தே போறதா இருந்தோம்டி. மூட்டையெல்லாம் கட்டி வாசல்ல வச்சாச்சு. அத்தான் மெஷினைக்கூட கழட்டிட்டாரு. அப்புறம் உன் அறிக்கை வந்துச்சு."

"அதனால?"

"அதனால என்ன, அவிழ்த்துட்டோம். ஊரே துறையை நம்பாட்டாலும் நான் நம்பாம இருப்பேனா? நீ எழுதினதாச்சே."

சீராக்கா ரிசீவரை வைத்தபின் வெகுநேரம் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் அறிக்கை எழுதியிருக்கிறாள். அவற்றை நம்பிய ஒரே ஆள் இப்போது கரைக்கு அடியில் மூட்டையை அவிழ்த்து, துணிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். சீராக்கா மொட்டைமாடிக்கு ஏறினாள். இயக்குநர் கொட்டகைக்குள் மழைச் சத்தத்தில் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், கட்டடம் மூணு படி இறங்கிடுச்சு."

"அது மண்ணோட பிரச்சனைம்மா. நம்ம பிரச்சனை இல்ல."

"கரை போயிடும் சார். பள்ளத்தெருவுல அவ்வளவு ஜனம் இருக்கு. காலி பண்ணச் சொல்லணும்."

"சொன்னா பீதி கிளம்பும். போனா போகட்டும், அப்புறம் ஒரு அறிக்கை போடுவோம். நீங்கதான் இருக்கீங்களே, அழகா எழுதிடுவீங்க."

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அவள் கீழே போய் உட்கார்ந்திருப்பாள். பாராட்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒலிபெருக்கி அறைக்குப் போனாள். தெருத்தெருவாகக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிகள் எல்லாம் அவள் பிரிவைச் சேர்ந்தவை, சாவி அவள் இடுப்பில் இருந்தது. கதவை உள்ளே தாழிட்டு, எதையும் எழுதிக்கொள்ளாமல் பேசினாள். எழுதினால் கை பழக்கத்தில் மெழுகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"கரையில விரிசல் இருக்கு. என் கையை விட்டுப் பார்த்தேன். நேத்து வந்த அறிக்கை பொய். அதை வெளிய விட்டது நான்தான். பள்ளத்தெருவுல இருக்கறவங்க எல்லாம் உடனே மேட்டுக்குப் போங்க. அக்கா, மூட்டையைக் கட்டு."

பள்ளத்தெருவில் யாரும் அசையவில்லை. கரைத்துறை பேசினால் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைப்பது அவர்கள் வழக்கம். அக்கா மட்டும் மறுபடியும் மூட்டையை எடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு. அவங்களுக்கு வேற வேலை என்ன இருக்கு" என்றார். அவர் சிரித்து முடிப்பதற்குள் கூரைகளுக்கு அப்பால் மண் கிழியும் சத்தம் கேட்டது. கரைத்துறை அலுவலகம் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. புதைந்திருந்த மாடி முதலில் வந்தது, ஜன்னல்களிலிருந்து சேறு வழிய, சுவரில் வேர்கள் தொங்க. அப்புறம் குறைதீர்ப்புப் பிரிவு வந்தது. அதன் எழுத்தர் ஜன்னலில் சாப்பாட்டு டப்பாவோடு நின்று வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். கடைசியில் வாசல் படிகள் அத்தனையும் வந்தன, வரிசையாக, கழுவிவிட்டதுபோல. பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

"கட்டடம் ஏறுதே" என்றார். "அப்ப நிஜம்தான்."

அந்தச் சொல் தெருவில் ஓடியது. ஒலிபெருக்கியை நம்பாதவர்கள் கட்டடத்தை நம்பினார்கள். பாத்திரம், பாய், கட்டில், ஆடு, கழற்றிய தையல் மெஷின், எல்லாவற்றோடும் பள்ளத்தெரு மேட்டுக்கு ஏறியது. பொழுது சாய்வதற்குள் கரை உடைந்தது. தெரு முழுக்கப் போயிற்று. ஓர் ஆள்கூடப் போகவில்லை.

மறுநாள் இயக்குநர், துறையின் துரித நடவடிக்கையால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது என்று தானே ஓர் அறிக்கை எழுதினார். அதை அவர் வாசித்து முடிப்பதற்குள் குறைதீர்ப்பு எழுத்தர் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டார். இந்த முறை டப்பா வெளியே நின்றுவிட்டது. சீராக்கா மேல் விசாரணை வைத்தார்கள். மூன்று குற்றங்கள். அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தியது, அனுமதியின்றி அரசுக் கட்டடத்தை உயர்த்தியது, உயர்த்தும்போது மொட்டைமாடியில் இருந்த இயக்குநருக்குத் தலைசுற்றல் உண்டாக்கியது. கரையைப் பற்றி விசாரணையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டாள். அது இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது என்றார்கள். அந்தப் பதிலுக்கும் அரைப் படி இறங்கியது, விசாரணை அதிகாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். சீராக்காவின் வேலை போயிற்று.

இப்போது அவள் மேட்டில் அத்தானின் தையல் கடையில் பொத்தான் தைக்கிறாள். உடைந்த கரையைக் கட்டி முடித்துவிட்டதாகத் துறை பலமுறை அறிவித்துவிட்டதால், அலுவலகத்தில் தகரக் கொட்டகை ஒன்றுதான் தரைக்கு மேலே தெரிகிறது. ஊழியர்கள் அதற்குள் நுழைந்து கீழே இறங்கிப் போகிறார்கள். ஸ்டிக்கர்களின்படி அது தரைத்தளம். சுற்றிலும் புல் வளர்ந்துவிட்டது. மேட்டுக்காரர்கள் ஒலிபெருக்கியைக் கேட்பதில்லை. தினமும் காலையில் வாசலைப் பெருக்கி முடித்ததும் அக்கா துடைப்பத்தோடு தெரு முனைக்குப் போய், தகரம் நேற்றைவிட இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறாள். இறங்கியிருந்தால், மழைக்கு முன் கொடித் துணியை எடுப்பதுபோல, வந்து மூட்டையைக் கட்டுகிறாள். அவள் கட்டுவதைப் பார்த்துத் தெருவே கட்டுகிறது.