கீழ்ப்பக்கப் பலகை

எங்கள் ஊர் சரவணையில் நல்ல காணியெல்லாம் அக்காவின் சீதனத்தில் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது குளத்தை நோக்கிச் சரிந்து கிடக்கும் துண்டு. பரம்பரையில் முதல் பட்டதாரி என்று என் படத்தை அக்கா வீட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறார்கள். நான் படுப்பது அங்கே சாமான் அறையில். எனக்கென்று ஒரு வீடு வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இன்றைக்குத்தான், கலவை சரிவில் வழியாமல் சுற்றிவரப் பலகை அடைத்து, அதன் நிலத்துக்குக் கொங்கிறீற் போடுகிறேன்.

"கீழ்ப்பக்கப் பலகைக்கு இன்னும் முட்டுக் குடுங்கோ அண்ணை. பாரம் முழுக்க அங்கதான் தள்ளும்," என்றேன்.

மேசன் இளையதம்பி அண்ணை சாந்தகப்பையால் காது சொறிந்தார். "பிள்ளை, வீட்டில ஆம்பிளை ஆரும் நிண்டாக் கதைக்கலாம்."

"நான் நிக்கிறன். என்னோட கதையுங்கோ."

அவர் கூட வேலை செய்த அனோஜனைப் பார்த்துச் சிரித்தார்.

பாதிக்கு மேல் கொட்டியபோது கீழ்ப்பலகை வயிறு தள்ளியது. அடியால் சாம்பல் தண்ணீர் குளத்துப் பக்கம் ஓடியது. நான் பாய்ந்து போய்ப் பலகையில் முதுகைக் கொடுத்து, குதிக்காலை மண்ணில் ஊன்றி இருந்துவிட்டேன்.

"அசையாதையும் பிள்ளை. பனங்குற்றி கொண்டு வாறம்," என்று இருவரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மீனலோசனி அக்காவின் தலை தெரிந்தது.

"என்ன கோசலா, பலகைக்குக் காவலோ?"

"ஒருக்கா வந்து பிடியுங்கோ அக்கா."

"எனக்கு நாரி நோகுது, குனிய ஏலாது. உம்மட அத்தான் சந்தியில நிக்கிறார். கூப்பிடட்டே?"

அக்காவின் புருசன் வந்தால் பலகை நிற்கும். அதன் பிறகு சாகும்வரை இது அவர் நின்று கட்டிக்கொடுத்த வீடு.

"வேண்டாம்."

"படிச்ச திமிர்," என்றுவிட்டுத் தலை மறைந்தது.

பலகை முதுகெலும்பை அரைத்தது. எதிரே குளத்தில் மாடுகள் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. வீதியில் கேட்ட எந்த மோட்டார் சைக்கிள் சத்தமும் அவர்களுடையது இல்லை. வாய்விட்டுக் கத்தலாம், கத்தினால் அத்தானுக்குத்தான் கேட்கும்.

கால் மரத்த பிறகு இருவரும் வந்தார்கள். இரண்டு குற்றிகளை இறுக்கி அடித்தார்கள். பலகை நின்றது.

"சரி, இனி எழும்பும்," என்றார் இளையதம்பி அண்ணை. மரத்த காலால் எழும்ப முடியவில்லை. அவர்கள் அதற்குள் மேலே போய் அடுத்த கலவையைக் குழைக்கத் தொடங்கியிருந்தார்கள். கை தரவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. சேற்றில் இரண்டு கையையும் ஊன்றி, என் வீட்டைச் சுற்றித் தவழ்ந்து மேலே போனேன்.