கண்ணாடிக் கூரைக்குள் ஒரு குருத்தோலை

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டினாலும், எங்கள் விலங்குக் காப்பகத்தின் கண்ணாடி மண்டபத்துக்குள் எப்போதும் ஆபிரிக்க மழைக்காலம்தான். அங்கே பறவைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வெதுவெதுப்பான ஆவிக்குள் நடக்கும்போது, விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அங்கே ஒரு தூக்கணாங்குருவி மாப்பிள்ளை இருக்கிறார். மஞ்சள் உடம்பு, கறுத்த முகம், குன்றிமணி போலச் சிவந்த கண். இவருடைய இனம் சொந்த நாட்டில் ஆற்றோர மரங்களில் கூட்டமாகக் குடியிருந்து, தண்ணீருக்கு மேலே கூடுகளைத் தொங்கவிடும். இங்கே இருந்த ஒரே பனையின் ஓலையை அவர் போன வருடமே நார்நாராகக் கிழித்துத் தீர்த்துவிட்டார். மிஞ்சியது நாங்கள் கொடுத்த காய்ந்த புல். அதில் கூடு கட்டி, கீழே தலைகீழாகத் தொங்கி, இறக்கையை அடித்து அடித்துப் பெண்ணைக் கூப்பிடுவார். அவள் வந்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பாள். புல் முறியும். அவள் போய்விடுவாள். மாப்பிள்ளை ரோஷத்தோடு கூட்டைத் தானே பிய்த்து எறிவார். எனக்கு அழுகை வரும். உயிர்த்த ஞாயிறுக்குள் சோடி சேராவிட்டால் அந்தப் பெண் குருவியை வேறொரு காப்பகத்துக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து நேரே வேலைக்குப் போனேன். பூசையில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலையைக் கம்பியில் செருகிவிட்டுத் தண்ணீர்த் தட்டைக் கழுவினேன். திரும்பினால், மாப்பிள்ளை ஓலையின் விளிம்பைக் கடித்துப் பறந்தபடியே நீளமாக ஒரு நார் கிழிக்கிறார்!

"டேய், அது மந்திரிச்ச ஓலையடா!"

வீட்டில் அம்மா பற்றிமா காத்திருந்தாள். அந்த ஓலையை மாதா படத்துக்குப் பின்னால் செருகினால்தான் வருடம் முழுக்க வீட்டுக்குக் காவல் என்பது அவள் நம்பிக்கை. பிடுங்கத்தான் கையை நீட்டினேன். அதற்குள் அவர் நாரைக் கொப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். ஓலை முழுவதும் போயிற்று.

"ஓலை எங்கை, செலீனா?"

"குருவி எடுத்திட்டுதம்மா."

"மந்திரிச்ச ஓலையையோ?" அந்தக் கிழமை முழுக்க அம்மா என்னோடு கதைக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்ததும் அவளை வற்புறுத்தி மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். ஆவிக்குள் இளம்பச்சையாக ஒரு கூடு மெல்ல ஆடியது. மாப்பிள்ளை அதன் கீழே தொங்கி இறக்கை அடித்துக்கொண்டிருந்தார். பெண் வாசலுக்கு வந்து ஓலையை இழுத்தாள். முறியவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். அவள் பறந்துபோய், பஞ்சுபோன்ற பூம்புல் ஒன்றைக் கவ்விவந்து, உள்ளே நுழைந்து மெத்தை போடத் தொடங்கினாள்.

அம்மா அண்ணாந்து கூட்டைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டாள்.

"வீட்டுக்குக் காவலெண்டுதானே மந்திரிச்சது," என்றாள். "அது வீட்டிலைதான் இருக்கு, விடு."