பொது நாற்காலி

இன்சூரன்ஸ்காரர் உதவி செய்யத்தான் வந்தார், அதில் சந்தேகமே வேண்டாம். மலை மேலிருந்த அந்தப் பழங்குடி ஊருக்கு ஊற்றிலிருந்து தண்ணீர்க் குழாய் போட ஆள் வேண்டும் என்று ஒரு சேவை அமைப்பு கேட்டதும், ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுப் பெட்டியும் தொப்பையுமாக வந்து இறங்கினார். பகலெல்லாம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து பள்ளம் தோண்டினார். தங்கியது ஊர்க்கோடியில், ஆட்டுக்காரி வீட்டில்.

ஆட்டுக்காரிக்கு அவரைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வாய் மட்டும் ஊரைவிடப் பெரிசு. அவள் புருஷன் நேர்மாறு. நாளைக்கு ஒரு வார்த்தை பேசுவான், அதையும் ஆற அமர யோசித்துவிட்டுத்தான் பேசுவான். வந்த அன்று இன்சூரன்ஸ்காரர் அவளை மேடம் என்று கூப்பிட, எந்த ஆட்டைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள்.

அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அது ஊருக்கே பொது. முன்பு சேவைக்கு வந்த ஒருவர், தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டே நாளில் ஊரைவிட்டுப் போய்விட்டாராம். ஊருக்கு அது தலைகுனிவாகிவிட்டது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு: நாற்காலி இல்லாத வீட்டில் விருந்தாளி தங்கக் கூடாது. வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் முறை வைத்து ஒரு வீட்டுக்கு; நாற்காலியும் ஜோடியாக அந்த வீட்டுக்கே போகும். ஆட்டுக்காரிக்கு முதல் தடவையாக இப்போதுதான் அந்த யோகம் அடித்திருந்தது.

ஆகவே விழுந்து விழுந்து கவனித்தாள். துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கினாள், தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தை ஒளித்தாள். முதல் சோறு அவருக்கு. வீடே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் உயரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். தொண்டையில் இறங்குமா?

சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். ஒரு மழை நாளில், அவள் ஆடுகளோடு போன நேரம் பார்த்து, கூரை ஒழுகுகிறதே என்று நாற்காலி மேல் ஏறி நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவருடைய எடையைப் பற்றி நாற்காலியையும் யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவள் கண்டது, தரையில் மல்லாந்த விருந்தாளியையும் அவர் கையில் ஒரு நாற்காலிக் காலையும்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது.

“தலைவர் வீட்ல சொந்தமா நாற்காலி இருக்கு. கட்டிலும் இருக்கு. உங்களுக்கு அங்க வசதியாத்தான் இருக்கும்,” என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

இன்னும் பாதி மாதம் இருந்தது. அந்த வாயைக் கேட்காமல் கட்டிலில் படுத்து என்ன செய்வது?

“எனக்குக் கட்டிலெல்லாம் வேண்டாம்க்கா,” என்றார்.

அவ்வளவுதான், இருவரும் கூட்டுக் களவாணிகள் ஆகிவிட்டார்கள். உடைந்த காலை ஆடு கட்டும் கயிற்றால் கட்டி, மேலே போர்வையைப் போட்டு, நாற்காலியை மூலையில் நிறுத்தினார்கள். அவர் தரைக்கு வந்தார். தொப்பை முதலில் உட்காரும், சார் அப்புறம் உட்காருவார் என்று தினமும் பாட்டு விழுந்தது. ஆனாலும் சோறு இறங்கியது.

குழாயில் தண்ணீர் வந்த அன்று சாயங்காலம், பாராட்டிவிட்டுப் போகலாம் என்று ஊர்த் தலைவர் வந்தார். கூட நாலு பேர். ஆட்டுக்காரி வாசலிலேயே பேசி அனுப்பிவிடப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் புருஷன் மூலையைக் காட்டி, அன்றைய வார்த்தையைச் செலவழித்தான்.

“உக்காருங்க.”

தலைவர் உட்கார்ந்தார். கயிறு தன்னால் முடிந்தவரை தாங்கியது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்ட தலைவர் கோபப்படவில்லை. விருந்தாளியின் பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்து வரச் சொன்னார். கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு.

“விருந்தாளிக்குத்தானே நாற்காலி வேணும்?” என்றாள் ஆட்டுக்காரி. “இவன் என் தம்பி.”

தலைவர் அந்தத் தொப்பையை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். “எப்பப் பொறந்தான்?”

“நாற்காலி உடைஞ்ச அன்னைக்கு.”

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். தலைவர் அடக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தம்பி என்றால் வீட்டில் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டார். அவள் சட்டென்று திரும்பினாள்.

“என்னடா மரம் மாதிரி நிக்கிற? இருட்டப் போகுது, போய் ஆட்டைப் பட்டியில அடை.”

ஓடினார். ஆடுகள் அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஒன்றைப் பிடித்தால் மூன்று நழுவின. சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்தபோது, வாசலில் தலைவரின் சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுத் தலைவர் போய்விட்டார்.

ஒரு வழியாக ஆடுகளை அடைத்துவிட்டு அவர் உள்ளே வந்தால், எல்லாரும் பாதி சாப்பிட்டிருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. சட்டியில் இருந்ததைத் தானே போட்டுக்கொண்டு, கிடைத்த இடத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார். ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தவர் அவர். நாற்பது வயதில் முதல் தடவையாக ஓர் அக்காவிடம் திட்டு வாங்கியிருந்தார். சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அப்போதுதான் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத அதிசயம் நடந்தது. ஆட்டுக்காரியின் புருஷன் ஒரே நாளில் இரண்டாம் முறை வாயைத் திறந்தான்.

“மச்சான்,” என்றான், காலித் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் தள்ளிவிட்டு.

அவர் செம்பை எடுத்துக்கொண்டு புதுக் குழாயடிக்குப் போனார்.