றிபாத் முகர்ந்த பெட்டி

றிபாத் கல்முனையில் ஒரு பார்சல் நிலையத்தின் முகப்பில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பொதிகளைப் பொறுப்பேற்று வருபவர். எந்தப் பெட்டி வந்தாலும் இரு கைகளாலும் தூக்கிக் காதருகே மெல்ல அசைத்து, மூக்கை அதன் மூடியில் வைத்து முகர்ந்த பின்னரே சீட்டு எழுதுவார். மண்ணெண்ணெய், பெயின்ட் தின்னர், பட்டாசு மருந்து எதுவும் அவரைத் தாண்டிச் சென்றதில்லை. பெட்டியின் மேல் எழுதப்படுவதை ஒருவரும் நம்புவதில்லை. அவரது மூக்கை எல்லாச் சாரதிகளும் நம்பினர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சலோடு அவருக்கு மணம் அறியும் புலன் அற்றுப்போயிற்று. வெளியே சொன்னால் அந்த நாற்காலி அவருக்கு இல்லை. ஆகவே முன்போலவே குனிந்தார், முகர்ந்தார், தலையசைத்தார்.

சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில், கூடாரங்களை வாடகைக்கு விடும் கடையொன்றிலிருந்து 'சமையல் பாத்திரம்' என்று எழுதிய பெட்டி வந்தது. வரிசையில் நின்ற யசோதினி டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்னவோ மணக்கிறதே என்றார். றிபாத் பெட்டியில் மூக்கை வைத்தார். புதுப் பெயின்ட் மணம் என்று கூறிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

உள்ளே இருந்தவை கூடார அடுப்புக்கான சிறிய காஸ் டின்கள் பன்னிரண்டு. ஒன்றின் வால்வு நசுங்கியிருந்தது. வெயிலில் ஓடிய மூடிய வேனுக்குள் காஸ் நிறைந்தது. அக்கரைப்பற்றில் பொதி இறக்குவதற்காகச் சாரதி அஹ்ஸன் பின்கதவைத் திறந்தபோது, அவனது வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனுடைய கைகளிரண்டும் விரல் தெரியாமல் கட்டப்பட்டிருந்தன. இனி ஸ்டியரிங் பிடிக்க இயலாது என்று டொக்டர் கூறிவிட்டார். மனைவி ஸம்றா கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன காக்கா, ஆஸ்பத்திரி மருந்தையும் மணந்து பாக்க வந்தீங்களா?" என்று, அண்ணனாக மதிக்கும் றிபாத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்ற அஹ்ஸன், உதட்டுத் தோல் வெடித்ததால் நிறுத்திக்கொண்டான்.

பார்சல் நிறுவனம் சிகரெட்டையே பிடித்துக்கொண்டு நின்றது. பிழை சாரதியினது என்று முடிவானால் அவனுக்கு நட்டஈடு கிடையாது. அவனோ விசாரிக்க வந்தவர்களிடம் அதையே ஒப்புக்கொண்டிருந்தான்.

"காஸ் மணந்திருந்தா நீங்க ஏத்த உட்டிருப்பீங்களா? ஏத்தக்குள்ள அது நல்ல பெட்டிதான், பிழை என்ட சிகரெட்தான் எண்டு சொல்லிட்டன். உங்கட பேர் கெடப்படாது."

ஸம்றா நிமிர்ந்து பார்க்கவில்லை. கரண்டி மட்டும் கிண்ணத்தில் நின்றது.

உண்மையைச் சொன்னாலும் அந்த விரல்கள் திரும்பப் போவதில்லை. தம் வேலை போகும். அந்த நாற்காலியில் வேறொரு மூக்கு வந்தமரும். பெட்டிகளை அப்போதும் எவரும் திறக்கப் போவதில்லை. இவற்றையெல்லாம் றிபாத் அறிந்திருந்தார்.

"நாளைக்கு விசாரணைக்கு நான் போறன் தம்பி," என்றார். "மூணு வருஷமா எனக்கு மணம் தெரியா எண்டு சொல்லப் போறன்."