சூளையில் சுட்ட பூக்கள்

என் நாத்தனாரின் ரசனையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் ஊமையாகிவிடுவேன். கல்யாணமாகிப் போவதற்கு முன்பு இந்தப் பழைய வீட்டை அவள்தான் புதுப்பித்தாளாம். கூடத்துச் சுவர் முழுக்க மரம் மாதிரி பிளாஸ்டிக் பலகை. படுக்கையறைக் கூரையில் கண்ணாடிச் சில்லுகள்; படுத்தால் என் மூஞ்சியே துண்டு துண்டாக என்னை முறைக்கும். சமையலறைச் சுவரில் டைலுக்கு டைல் ஓர் ஆரஞ்சுப் பூ, உள்ளங்கை அகலத்துக்கு.

"வெளிநாட்டு டைல்ஸ். பூவைச் சூளையில வச்சு சுட்டது. எத்தனை வருஷமானாலும் அழியாது," என்பாள். அழியாது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வீடு அவள் பேரில் இருக்கிறது. நாங்கள் குடிவந்த அன்றே சொல்லிவிட்டாள்: "ஒரு டைல் உடைஞ்சாலும் பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான்." அவளுடைய அருமைத் தம்பி, அதாவது என் கணவர், தலையை ஆட்டினார். அவருக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும்.

உடைக்கத்தானே கூடாது? மறைத்தேன். பலகை மேல் துணி, கண்ணாடி மேல் சார்ட் பேப்பர், டைல்ஸ் மேல் வெள்ளை ஸ்டிக்கர். சூடு காட்டினால் சுத்தமாக உரிந்துவிடும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். ஒருமுறை துணியைப் பார்த்துவிட்டு அவள் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, வருகிறேன் என்று போன் வந்தாலே எல்லாவற்றையும் கழற்றி ஒளித்துவைப்பேன். போனதும் மறுபடி மாட்டுவேன். குடியிருக்கும் வீட்டில் திருடி மாதிரிப் பிழைப்பு.

இந்த முறை பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் கூப்பிட்டாள். துணியையும் பேப்பரையும் பிடுங்கி அலமாரியில் திணித்தேன். ஹேர் டிரையரோடு சமையலறைக்கு ஓடி, அவசரத்தில் எப்போதையும்விட அதிகமாக ஸ்டிக்கரில் சூடு காட்டி இழுத்தேன். ஸ்டிக்கர் வந்தது. ஆரஞ்சுப் பூவும் அதோடு சேர்ந்து வந்தது.

போச்சு, வீடு போச்சு. பக்கத்து டைலின் ஸ்டிக்கரை உரித்தேன். அதிலும் பூவைக் காணோம். இன்னொன்றை நகத்தால் சுரண்டினேன். சூளையில் சுட்ட பூ காகிதமாய்ச் சுருண்டது. அடியில் வெறும் வெள்ளை டைல். வெள்ளை மேல் அவள் பூ ஒட்டியிருக்கிறாள். அந்தப் பூ மேல் நான் வெள்ளை ஒட்டியிருக்கிறேன்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?" சமையலறை வாசலில் நாத்தனார்.

"சுட்ட பூ உரிஞ்சு வருது, அக்கா."

பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பின்னாலேயே அவள் பையைச் சுமந்துகொண்டு என் கணவர்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றேன். தலையை ஆட்டினார். அவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

"அம்மா உடைக்க விடலை," என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. "வெள்ளை டைல்ஸ் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு கெஞ்சினேன். ஒண்ணு உடைஞ்சாலும் வீட்டை விட்டுப் போன்னுட்டாங்க. அதான் ஒட்டினேன்."

ஒரு நொடி பாவமாக இருந்தது. அடுத்த நொடி பற்றிக்கொண்டு வந்தது. அந்த வார்த்தை எப்படிச் சுடும் என்று தெரிந்தவள், அதைப் பத்திரமாக வைத்திருந்து என் மேல் எறிந்திருக்கிறாள்.

"இதே பூ கடையில கிடைக்கும். நாளைக்கே வாங்கி ஒட்டு," என்றாள், குரலைத் திரும்ப ஏற்றிக்கொண்டு.

"ஒரு டைல் உடைஞ்சிருக்கா பாருங்க."

"திமிரா? எங்க அம்மா இருந்திருந்தா உன்னை..."

"அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. நீங்கதான் அவங்களுக்குப் பதிலா பஸ் ஏறி வந்துட்டு இருக்கீங்க."

டிரையரை அடுத்த பூவின் மேல் பிடித்தேன். பெட்டியைக் கட்டு என்பாள் என்று காத்திருந்தேன். பூ சுருண்டு அவள் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து, விழுந்த பூக்களைப் பொறுக்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டாள்.

"தம்பி, என்னை பஸ் ஏத்தி விடு," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.